சிறிய அறைக்கு எந்த வர்ணம்?

"சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்றார்கள் நம் முன்னோர். பெருகக் கட்ட வசதியில்லாதவர்களுக்கு ஆறுதலாகச் சொன்ன பழமொழி என்று சிலர் கேலி செய்வதுண்டு. ஆனால் சிறிய வீட்டிலும் தாராளமாக மூச்சு விட்டு வாழ ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. அதற்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. புது நாற்காலி மேசை வாங்கிக் கடன்பட வேண்டியதில்லை. சுவருக்குப் பூசும் வர்ணத்தைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தீபாவளி நெருங்கும்போது தோட்டமானாலும் பட்டணமானாலும் நம் வீடுகளில் சாயம் பூசும் பேச்சு தொடங்கிவிடும். கடைக்காரர் ஓர் அட்டையை நீட்டுவார். அதில் தபால்தலை அளவில் நூறு வர்ணங்கள் இருக்கும். எதைத் தொட்டாலும் அழகுதான்! அதில் ஒன்றைக் காட்டி, "இதைக் கொடுங்கள்" என்று வாங்கி வந்துவிடுகிறோம். அறை முழுவதும் பூசிய பிறகுதான் சிலருக்குக் கண்ணீர் வருகிறது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தாயும் தகப்பனும் ஜொகூரில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். தகப்பனார் காலமான பிறகு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் தாயைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். வீடு அடுக்குமாடியில் மூவறை வீடு. அம்மாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கினான். அந்த அம்மாளுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் தனி அறை அதுதான். மகன் ஆசை ஆசையாக அந்த அறைக்குக் கருநீலம் பூசினான். கடை விளக்கில் அந்த நீலம் கல்யாணப் பட்டுப்போல் மின்னியதாம்.

பத்து நாள் கழித்து அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, ரூம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கேப்பா. ஊசியில நூல் கோக்க முடியல. நான் கொஞ்ச நாளைக்குத் தோட்டத்துல சின்னம்மா வீட்டுல போய் இருந்துட்டு வர்றேனே."

மகன் திகைத்துப் போனான். மருமகள் ஏதும் சொல்லிவிட்டாளோ என்றுகூட ஒரு கணம் நினைத்தானாம். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? தாயை வீட்டை விட்டு விரட்டியது அந்த நான்கு சுவர்கள்தான்.

சுண்ணாம்புக் கம்பத்தின் பாடம்

வர்ணத்தைப் பற்றிப் பேசும்போது சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை மறக்க முடியாது. இன்று லிட்டில் இந்தியா என்று உலகமே அறிந்த அந்த வட்டாரத்துக்கு, பழைய தமிழர்கள் வைத்திருந்த பெயர் 'சுண்ணாம்புக் கம்பம்'. கம்பம் என்பது மலாய் மொழியின் கம்போங். கிராமம் என்று பொருள். அந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர் அது. சிராங்கூன் சாலையில் இருக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தையே அக்காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் சொன்னார்கள். பக்கத்திலுள்ள கம்போங் காப்பூர் என்ற பெயரிலும் அதே சுண்ணாம்புதான் ஒளிந்திருக்கிறது. மலாய் மொழியில் காப்பூர் என்றால் சுண்ணாம்பு.

சுண்ணாம்பின் அருமையை நேரில் காண வேண்டுமானால் நகரின் நடுவே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்க்கலாம். 1856ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1861ஆம் ஆண்டில் முதல் வழிபாடு நடந்த கட்டடம் அது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் சுவருக்குப் பூசியது நம் ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சு. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே அதற்குப் பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றை அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் கலந்து பூசினார்கள். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். பளிங்குபோல் வெளிச்சத்தைத் திருப்பித் தரும் பூச்சு அது.

நம் லயத்து வீடுகளுக்கு முட்டையும் சர்க்கரையும் யார் போட்டார்கள்? வெறும் சுண்ணாம்பு அடித்தார்கள். வெண்மை மங்கலாகத் தெரியாமலிருக்கத் துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலந்தார்கள். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும்; மழைக்காலத்தில் கரையும். ஆனாலும் ஒரே ஒரு சிறு ஜன்னல் உள்ள அறையில் வெளிச்சம் பரவ அந்த வெள்ளைச் சுவர்தான் காரணம்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் திருப்பித் தரும். இளம் மஞ்சள், பாலாடை வர்ணம் போன்றவை எழுபது பங்குபோல் தரும். கருநீலமும் கரும்பச்சையும் பத்துப் பங்கு தந்தால் அதிகம். மீதியைச் சுவரே விழுங்கிவிடுகிறது. பெரிய மண்டபத்தில் நான்கு பக்கமும் ஜன்னல். அங்கே சுவர் கொஞ்சம் விழுங்கினாலும் குறை தெரியாது. ஒற்றை ஜன்னல் அறையில் அப்படி விழுங்கினால் நமக்கு என்ன மிஞ்சும்?

வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இருபது வயதுக் கண்ணின் உள்ளே போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. மகன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த நீல அறை தாயின் கண்ணுக்கு இருட்டறையாகத் தெரிந்ததில் வியப்பென்ன?

தெருவுக்கு ஒரு வர்ணம், அறைக்கு ஒரு வர்ணம்

தேக்கா சந்தைக்கு எதிர்ப்புறம், கெர்பாவ் சாலையில் ஒரு வீடு இருக்கிறது. சுற்றுப்பயணிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வர்ணம். கதவுக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று. மிட்டாய்த் தொழில் செய்த சீன வணிகர் டான் டெங் நியா 1900ஆம் ஆண்டில் கட்டிய வீடு அது. அவருக்கு அந்தச் சாலையிலேயே ரப்பர் உலர்த்தும் புகைக்கூடமும் இருந்தது என்பது நம் தோட்டத்து வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. முன்பு வெள்ளைச் சுவரும் பச்சை ஓடுமாக இருந்த வீடு, 1980களில் புதுப்பித்த பிறகே இப்படி வானவில் பூண்டது.

அதற்குச் சற்றுத் தூரத்தில் ரோச்சோர் சென்டர் என்று நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் 1977ஆம் ஆண்டு முதல் நின்றன. அவற்றின் பளிச்சென்ற வர்ணங்களை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2016ஆம் ஆண்டு முடிவோடு குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். புதிய பெருஞ்சாலைக்காக 2018ஆம் ஆண்டில் கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார்கள்.

இவற்றைப் பார்த்துவிட்டு, "அதே வர்ணத்தை நம் அறைக்கும் அடித்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தெருவில் இருக்கும் சுவருக்கு எதிரே வானம் இருக்கிறது. அதில் பட்ட வெளிச்சம் வானத்தோடு போய்விடும். அறைச் சுவருக்கு எதிரே இன்னொரு சுவர் இருக்கிறது. ஒரு மஞ்சள் சுவரில் பட்ட வெளிச்சம் எதிர் மஞ்சள் சுவரில் போய் விழுந்து, அங்கிருந்து திரும்பி வந்து, மஞ்சளை மேலும் மஞ்சளாக்கும். ஆகவே அட்டையில் கண்ட வர்ணம் நான்கு சுவரில் ஏறும்போது இன்னும் அழுத்தமாகத்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்ததற்கு ஒருபடி அல்லது இரண்டுபடி வெளிறியதை வாங்குங்கள். அட்டையில் வெளுப்பாகத் தோன்றுகிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

சூரியனைக் கேளுங்கள்

மேல்நாட்டுப் புத்தகங்கள், "வடக்கு அறை குளிர்ந்திருக்கும், மஞ்சள் பூசுக, தெற்கு அறையில் வெயில், நீலம் பூசுக" என்று எழுதும். அது அந்த நாடுகளுக்குச் சரி. சிங்கப்பூரோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. நண்பகலில் சூரியன் நம் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஜூன் மாதத்தில் சற்று வடக்கே சாயும். டிசம்பரில் சற்றுத் தெற்கே சாயும். ஜொகூரிலும் சிலாங்கூரிலும் உள்ளவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். நாம் பார்க்க வேண்டியது கிழக்கையும் மேற்கையும்.

மேற்கு ஜன்னல் உள்ள அறையில் பிற்பகல் வெயில் செம்மஞ்சளாக உள்ளே பாயும். அங்கே மஞ்சளோ இளஞ்சிவப்போ பூசினால் நாலு மணிக்கு அறை அடுப்புபோல் தோன்றும். இளநீலம், இளம்பச்சை, சாம்பல் கலந்த வெள்ளை ஆகியவை கண்ணுக்குக் குளுமை தரும். ஆனால் ஒன்று, உள்சுவரின் வர்ணத்தால் வெப்பமானியில் ஒரு பாகைகூடக் குறையாது. வெயிலைத் தடுப்பதற்குத் திரைதான் வேண்டும்.

கிழக்கு ஜன்னல் அறைக்குக் காலையில் வெளிச்சம், மாலையில் மங்கல். அங்கே பாலாடை வர்ணமும் இளம் மஞ்சளும் பொருந்தும்.

பொதுத் தாழ்வாரத்தைப் பார்த்த அறைகள்தான் மிகவும் இருண்டவை. வழிப்போக்கர் எட்டிப் பார்க்காமல் இருக்க ஜன்னல் திரையையும் மூடி வைத்திருப்போம். அப்படிப்பட்ட அறைக்கு வெறும் வெள்ளை பூசினாலும் சில வேளை அழுக்குச் சாம்பலாகத் தெரியும். ஏனென்றால் திருப்பித் தருவதற்கு அங்கே வெளிச்சமே போதாது. மஞ்சள் சாயல் கலந்த பாலாடை வர்ணம் அந்த அறையைக் கொஞ்சம் சிரிக்க வைக்கும்.

அறைக்கு அறை சில யோசனைகள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதிலிருந்து சிங்கப்பூர் மக்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவற்றில் இன்றைய ஈரறை வீட்டின் சிறிய வகை 36 சதுர மீட்டர், அதாவது 387 சதுர அடிதான். இத்தகைய வீட்டில் அறைக்கு ஒரு வர்ணம் பூசினால் துண்டு துண்டாக வெட்டிய கேக்குபோல் ஆகிவிடும். கூடத்திலிருந்து படுக்கையறை வரை ஒரே வர்ணம் ஓடினால் வீடு நீண்டு தெரியும். மிஞ்சிய சாயமும் வீணாகாது. பிறகு கறை பட்ட இடத்தில் தொட்டுப் பூசலாம்.

கூரைத்தளம் வெள்ளையாகவே இருக்கட்டும். தாழ்ந்த கூரைக்குக் கடும் வர்ணம் பூசினால் தலைமேல் இறங்கி வருவதுபோல் தோன்றும். கதவு நிலைக்கும் அலமாரிக்கும் சுவரின் வர்ணமே இருந்தால் அவை சுவரோடு சேர்ந்து மறைந்து, இடம் கூடியதுபோல் இருக்கும்.

ரயில் பெட்டிபோல் நீண்டு ஒடுங்கிய அறையா? கடைசியில் இருக்கும் குறுக்குச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமான வர்ணம் பூசிப் பாருங்கள். அந்தச் சுவர் முன்னால் வந்ததுபோல் தெரியும், அறை சதுரமாகும். பிடித்த கடும் வர்ணத்தைக் கைவிட மனமில்லாதவர்களுக்கும் இதுவே வழி. ஒரு சுவர் போதும். அதுவும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவர்தான் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது.

சமையலறைக்கு ஈரத் துணியால் துடைக்கக்கூடிய, மெல்லிய பளபளப்புள்ள சாயம் ஏற்றது. தாளிப்பும் எண்ணெயும் படும் இடம் அல்லவா? சுவாமி மாடத்தைச் சுற்றிலும் விளக்குப் புகை படிவதால் அங்கேயும் அதுவே நல்லது. மாடம் சிறிய இடம் என்பதால் அதற்குள் மட்டும் மஞ்சளோ குங்குமச் சிவப்போ தாராளமாகப் பூசலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் விளக்குச் சுவிட்சும் குளியலறை வாசற்படியும் சுவரிலிருந்து வேறுபட்டுத் தெரியும்படி வைத்தால் தடுமாற்றம் குறையும்.

மூன்று நாள் சோதனை

கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போது கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்க்கிறோம். வருஷக்கணக்கில் பார்க்கப்போகும் சுவருக்கு அந்தச் சோதனை வேண்டாமா?

சிறிய டின் ஒன்று வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி கெட்டி அட்டையில் இரண்டு முறை பூசிக் காய விடுங்கள். அதை இன்று ஜன்னல் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். நாளை இருண்ட மூலையில். மறுநாள் அலமாரிக்குப் பக்கத்தில். காலையிலும் மாலையிலும் பாருங்கள். முக்கியமாக இரவில் உங்கள் வீட்டு விளக்கைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை விளக்கில் பாலாடையாகத் தெரிவது மஞ்சள் விளக்கில் பழுப்பாகிவிடும். நீலம் மஞ்சள் விளக்கில் மங்கும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்பதே இரவில்தானே!

சில நிறுவனங்கள் ஒவ்வொரு வர்ணத்துக்கும் எத்தனை பங்கு வெளிச்சம் திரும்பும் என்பதை 'எல்.ஆர்.வி.' என்ற எண்ணாகத் தருகின்றன. நூறு என்றால் முழு வெண்மை. சிறிய அறைக்கு அறுபதுக்குமேல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

எவ்வளவு நல்ல வர்ணமானாலும் சுவர் சரியில்லாவிட்டால் பயனில்லை. பழைய சுண்ணாம்பின்மேல் அப்படியே சாயம் பூசினால் சில மாதங்களில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டி, துடைத்து, அடிப்பூச்சு கொடுத்த பிறகே சாயம் ஏற்ற வேண்டும். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவரை நான்கு வாரமாவது காய விடுங்கள். பூஞ்சை பிடித்த இடத்தை மறைத்துப் பூசினால் அது மறுபடியும் தலை காட்டும். தண்ணீர் கலந்த வெளுப்பு மருந்தால் கழுவிக் காயவைத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பின் பூசுங்கள்.

சுண்ணாம்பே அடிப்பவர்கள் கண்ணில் தெறிக்காமல் காத்துக்கொள்ள வேண்டும். தெறித்துவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். கண்ணைக் கசக்கவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை குழந்தைகளுக்காக. பழைய கதவு, ஜன்னல் கம்பிகளில் உள்ள எண்ணெய்ச் சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதன் தூளும் செதிலும் வயிற்றுக்குள் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்கா 1978ஆம் ஆண்டிலேயே வீட்டுச் சாயத்தில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு முதல் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் உரசாமல், நனைத்துச் சுரண்டுங்கள். பிள்ளைகளை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விடுங்கள். புதிதாக வாங்குவது ஈயம் கலக்காத சாயம்தானா என்று டின்னில் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது?

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை. உயரம் எட்டரை அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. எட்டரையால் பெருக்கினால் 374 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் 37 கழித்தால் 337 சதுர அடி, அதாவது சுமார் 31 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் ஒரு முறை பூச 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். இரண்டு முறை பூச ஏறக்குறைய ஆறு லிட்டர் வேண்டும். இந்தக் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போனால், தேவைக்கு மேல் ஒரு வாளி வாங்கிவரும் செலவு மிச்சம்.

அந்த அம்மாளின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மகன் அட்டையைத் தாயிடமே கொடுத்து, "உங்களுக்கு எந்தக் கலர்ம்மா வேணும்?" என்று கேட்டான். அவர் அட்டையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "எனக்கென்னப்பா தெரியும்? தோட்டத்துல நிர்வாகம் அடிக்கிறதுதானே கலரு. இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லையே" என்றாராம்.

பிறகு அவரே ஒன்றைத் தொட்டுக் காட்டினார். வெண்ணெயில் துளி மஞ்சள் விழுந்தாற்போல் ஒரு வர்ணம். மகன் அட்டையில் பூசி மூன்று நாள் சுவரில் மாட்டிப் பார்த்தான். கருநீலம் மறைய, முதலில் அடிப்பூச்சு கொடுத்து மூன்று முறை பூச வேண்டியிருந்தது. முதலிலேயே கேட்டிருந்தால் அந்தச் செலவு இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்த சிறு சுவரை மட்டும், "உன் ஆசைக்கு அது இருக்கட்டும்" என்று அம்மாள் நீலமாகவே விட்டுவைக்கச் சொன்னார்.

இப்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேரப்பிள்ளையின் பள்ளிச் சட்டைக்குப் பித்தான் தைக்கிறார். சின்னம்மா வீட்டுக்குப் போவதும் உண்டு. ஆனால் இரண்டு நாளில் திரும்பிவிடுகிறார்.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் சாயம் பூசுவதாக இருந்தால், கடைக்குப் புறப்படும் முன் அந்த அறையில் அதிக நேரம் இருக்கப்போகிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.